கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாத்தச் சொல்றாங்க, மாத்தலாமா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 8 வயசு, 74,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. சிக்னல்ல நின்னா வண்டி நடுங்குது, மேடு ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்குது, செக் என்ஜின் லைட் எரியுது, சில நேரம் விட்டு விட்டு மின்னுது. ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டு பி0301, பி0420னு ரெண்டு கோடு வருது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு, புதுசு போடணும்னு பெரிய தொகையா சொல்றாங்க. இப்போதைக்கு ஓட்டுங்கன்னு கோட அழிச்சு விட்டாங்க, ரெண்டே நாள்ல திரும்ப வந்துடுச்சு. மாத்திடவா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேணாங்க, கொஞ்சம் பொறுங்க. எரர் கோடுங்கறது எந்த பார்ட் போச்சுன்னு சொல்ற சீட்டு இல்ல, எந்தப் பக்கம் தேடணும்னு காட்டுற கைகாட்டி அவ்வளவுதான். பி0301னா முதல் சிலிண்டர்ல மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியா எரியல, கடைசி எண்தான் சிலிண்டர் நம்பர், எந்த சிலிண்டர்னு பிடிபடாம மாறி மாறி அடிச்சா பி0300 வரும். பி0420னா கன்வெர்ட்டர், அதாவது சைலன்சர் பக்கம் போற புகைய சுத்தம் பண்ற பார்ட், சரியா வேலை செய்யலன்னு பின்னாடி இருக்கற ஆக்சிஜன் சென்சர் சொல்லுது. ஆனா முதல் சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய் கன்வெர்ட்டருக்குள்ள எரிஞ்சா அது வேலை செய்யுமா சொல்லுங்க? புதுசு வாங்கிப் போட்டாலும் மிஸ்ஸிங் இருக்கற வரைக்கும் அதையும் சேர்த்து சுட்டுப் பொசுக்கிடும். அதனால முதல்ல 0301, அப்புறம்தான் 0420.

சிலிண்டருக்கு ஒரு காயில் (பிளக்ல தீப்பொறி வர கரண்ட் குடுக்கறது) இருக்கற வண்டின்னா இத உங்க முன்னாடியே பண்ணச் சொல்லுங்க, அரை மணி நேர வேலைதான். என்ஜின் ஆறினதும் ஒண்ணாவது காயில கழட்டி மூணுல போட்டு, மூணாவதுத ஒண்ணுல போட்டு, கோட அழிச்சிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க. இப்ப பி0303 வந்துச்சுன்னா காயில்தான் குத்தவாளி, அது ஒண்ண மாத்தினா போதும். மறுபடி 0301தான்னா அடுத்து பிளக்க அதே மாதிரி இடம் மாத்திப் பாருங்க, அப்புறம் பெட்ரோல் தெளிக்கற இன்ஜெக்டர், அதுவும் இல்லன்னா கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அழுத்தம், செக் பண்ணணும், அங்க போனா செலவுதான்.

காயில கழட்டும்போது ஒண்ணு கவனிங்க. அடியில இருக்கற ரப்பர் பூட் எண்ணெய்ல ஊறி வழவழன்னு வந்துச்சுன்னா டேப்பட் கவர் (என்ஜின் மேல்மூடி) பேக்கிங் வழியா ஆயில் பிளக் குழிக்குள்ள இறங்குதுன்னு அர்த்தம். இத விட்டுட்டு காயில் மட்டும் மாத்தினா கொஞ்ச நாள்ல அதுவும் அதே ஆயில்லதான் ஊறும். இப்படி ஒரே வருசத்துல மூணு காயில் மாத்தின ஒருத்தர் வண்டிய நானே பாத்திருக்கேன், பேக்கிங்க மாத்தினதோட தொல்லை விட்டுச்சு.

லைட் நிலையா எரிஞ்சா நிதானமா ஒர்க்‌ஷாப் போகலாம், மின்னுச்சுன்னா கன்வெர்ட்டர் இந்த நிமிசம் சூடாகிட்டு இருக்குன்னு அர்த்தம், ஆக்சிலேட்டர மிதிக்காம ஓரங்கட்டிடுங்க. மின்னிட்டு இருக்கற வண்டிய ஓட்டுங்கன்னு அனுப்பினது ரொம்ப தப்பு. அதோட கோட அழிக்கும்போது ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போயிடும், அதாவது கோடு விழுந்த நேரத்துல ஆர்பிஎம் எவ்ளோ, என்ஜின் சூடு எவ்ளோங்கற குறிப்பு. அடுத்த தடவை அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோவாவது எடுத்துக்கங்க. மிஸ்ஸிங் போன பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க, அப்பவும் 0420 வந்தா மட்டும் கன்வெர்ட்டர் பேச்ச எடுக்கலாம், அதுக்கு முன்னாடி சைலன்சர்ல லீக் இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: போன்ல கோடு பாக்கற ப்ளூடூத் டாங்கிள் வாங்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: தாராளமா. ஸ்டீயரிங்குக்கு கீழ 16 பின் சாக்கெட் இருக்கும், அதுல சொருகினா போதும். என்ஜின் கோடு படிக்கும், ஏர்பேக், ஏபிஎஸ் பக்கம் பெரும்பாலும் போகாது. வேலை முடிஞ்சதும் கழட்டிடுங்க, நாள்கணக்கா சொருகியே விட்டா பேட்டரி இறங்கிப் போக வாய்ப்பு இருக்கு.