குருவி வராத கூட்டுப் பெட்டிகள்

கேள்வி: எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தில் 30 மாணவர்கள். பள்ளியிலும் அக்கம்பக்க வீடுகளிலும் சிட்டுக்குருவிகளுக்காக 12 பெட்டிகள் வைத்தோம். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆர்வம் விட்டுப்போயிற்று. எங்கே தவறு?
– ஓர் ஆசிரியை

பதில்: பெட்டியில் தொடங்கியதுதான் தவறு. சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது. ஏற்கெனவே இனம் நடமாடும் இடத்தின் பக்கத்தில்தான் பெரும்பாலும் கூடு கட்டும். அது எந்த இடம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மூன்று பேர் ஒரு குழு: ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் கடிகாரத்தைக் கவனிக்க. வாரம் ஒருநாள், காலையில் ஒரே நேரம், ஒரே இடம், 15 நிமிடம். ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். வந்துபோவதையெல்லாம் கூட்டினால் ஒரே குருவி ஐந்தாகிவிடும். எதுவும் வராத நாளில் 0 என்று எழுத வேண்டும். பிள்ளைகள் விட்டுவிடுவது இந்த வரியைத்தான். விட்டால் குருவி வரவில்லையா, குழுவே போகவில்லையா என்று பிறகு தெரியாது.

இரண்டு மாதக் கணக்கைப் பார்த்து, குருவி அதிகம் தென்பட்ட இடங்களுக்குப் பெட்டிகளை மாற்றுங்கள். அட்டைப்பெட்டி மழையில் ஊறிவிடும், 15 மி.மீ. பலகைதான் சரி. உள்தளம் 15 செ.மீ. சதுரம். வாசல் 32 மி.மீ. வட்டம், தளத்திலிருந்து 12 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில். தளத்தில் நீர் வடிய நான்கு சிறு துளைகள். அழகுக்காக வாசலடியில் குச்சி வைப்பார்களே, அது குருவிக்குத் தேவையில்லை. குஞ்சைத் தூக்க வரும் பறவைக்குத்தான் வசதி. சுமார் 3 மீட்டர் உயரத்தில், மதிய வெயில் விழாத சுவரில், ஆடாமல் அறையுங்கள்.

கேள்வி: கூட்டில் குஞ்சு பொரித்தால் மாணவர்கள் திறந்து பார்க்கலாமா? விடுமுறையில் யார் கவனிப்பது?
– ஒரு மாணவரின் தந்தை

பதில்: திறக்கவே வேண்டாம். குஞ்சுகள் சுமார் இரண்டு வாரத்தில் பறந்துவிடும். கடைசி நாட்களில் பெட்டியைத் தொட்டால் பறக்கத் தெரியாமலே வெளியே குதித்துவிடும். தள்ளி நின்று, தாயும் தந்தையும் 15 நிமிடத்தில் எத்தனை முறை இரை கொண்டுவருகின்றன என்று எண்ணட்டும். குஞ்சுக்கு முக்கிய உணவு புழுபூச்சி என்பதால், பக்கத்துச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தானியம் போட்டால் அந்தக் குறை தீராது.

விடுமுறைக்கு, பெட்டி உள்ள வீட்டாரிடமே குறிப்பேட்டைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு வாரமாவது அவர்கள் பிள்ளைகளோடு நின்று எண்ணியிருக்க வேண்டும்.