மூன்று எருவை ஒப்பிட டி-டெஸ்ட் போதுமா, அனோவா கட்டாயமா?

கேள்வி கேட்டவர் இறுதியாண்டு விவசாய மாணவர் என்று நினைக்கிறேன். மூன்று வகை எரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்தி, பாத்திக்கு 20 செடி. இரண்டிரண்டாக எடுத்து டி-டெஸ்ட் (இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடும் சோதனை) செய்தால் போதாதா, அனோவா (பல குழுக்களின் சராசரியை ஒரே தடவையில் ஒப்பிடும் சோதனை) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டதற்கு முதலில் பதில். மூன்று குழு என்றால் மூன்று சோடி. ஒவ்வொரு சோடிக்கும் 5 சதவீதம் தவறலாம் என்று விட்டால், உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் எங்கேயாவது ஒன்றில் "வித்தியாசம் இருக்கிறது" என்று வந்துவிடும் வாய்ப்பு 14 சதவீதம் வரை ஏறும். ஐந்து குழு என்றால் பத்துச் சோடி, அது 40 வரை போகும். அதனால்தான் முதலில் எல்லாவற்றையும் சேர்த்து அனோவா, அதில் வித்தியாசம் தெரிந்தால், எந்தச் சோடி வேறுபடுகிறது என்று பார்க்க டூக்கி மாதிரி ஒரு சோதனை. இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உட்காரவைத்து எழுதவைத்தது அனோவா இல்லை. "ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்தி" என்ற அந்த வரி. அதையேதான் நானும் செய்தேன்.

2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். எங்கள் பக்கம், தலவாக்கலையைச் சுற்றி, மரக்கறி போடுகிறவர்கள் எல்லாரும் எருவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நேரம். கொரோனாவால் பல்கலைக்கழகமும் பூட்டு. ஆய்வை வீட்டிலேயே செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் அம்மா போஞ்சி போடும் சரிவில், படிக்கட்டு மாதிரி வெட்டிய மூன்று பாத்தி, அதாவது மூன்று படி இருந்தது. மேல் படிக்கு மாட்டெரு, நடுவில் கூட்டெரு, கீழே கோழி எரு. படிக்கு 20 செடியாக 60 செடி. ஒவ்வொரு செடியின் காயையும் தனித்தனியாக, அம்மா மாவு நிறுக்கும் தராசில் நிறுத்து எழுதினேன். சராசரி மேலே 190 கிராம், நடுவே 240, கீழே 310. அனோவா போட்டேன், பி பெறுமானம் (வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.001ஐ விடக் குறைவு. கோழி எருதான் சிறந்தது என்று 40 பக்கத்தில் எழுதி அனுப்பினேன்.

வாய்மொழிப் பரீட்சை சூமில் நடந்தது. சிக்னலுக்காக மேட்டு மலைக்கு ஏறி, தேயிலை நிரைக்கு நடுவில் நின்றுதான் பேசினேன். பரீட்சகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, எருவை எத்தனை இடத்தில் போட்டீர்?"

"60 செடிக்குப் போட்டேன் சேர்."

"செடியைக் கேட்கவில்லை. கோழி எரு எத்தனை பாத்தியில் போட்டீர்?"

ஒன்று என்றேன். சொல்லும்போதே விளங்கிவிட்டது. மழை பெய்தால் மேல் மண் எல்லாம் எங்கே போகும்? கீழ் படிக்குத்தான். தண்ணீர்க் குழாயும் கீழேதான் இருந்தது. மேல் படிக்கு மண்திட்டு மறைத்து, பத்து மணிக்குப் பிறகுதான் வெயிலே எட்டும். நான் ஒப்பிட்டது மூன்று எருவையா, மூன்று படியையா? அந்த 60 எண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுக்க எந்தக் கணக்காலும் முடியாது. ஒரே பாத்தியில் நிற்கும் 20 செடியும் ஒரே மண், ஒரே தண்ணீர். அவற்றை 20 தனிச் சான்று என்று எண்ணியது என் பிழை. உண்மையில் எருவுக்கு ஒரு சான்றுதான் இருந்தது.

இங்கே யாராவது வந்து, கலப்பு மாதிரி (mixed model, பாத்தியின் பாதிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் முறை) போட்டால் சரியாகிவிடும் என்று எழுதக்கூடும். ஒரு எரு ஒரு படியில் மட்டும் இருக்கும்போது அதுவும் பிரிக்காது. நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆறு மாதம் பின்தங்கி, மறுபடி செய்தேன். இந்தத் தடவை சரிவில் நான்காவதாக ஒரு படி வெட்டி, ஒவ்வொரு படியையும் மூன்றாகப் பிரித்தேன். ஒவ்வொரு படிக்குள்ளும் மூன்று எருவும் வரவேண்டும். எது எங்கே என்பது எழுமாற்றாக விழவேண்டும். அ, ஆ, இ என்று கொப்பித் தாளில் எழுதி, மடித்து, தகர டப்பாவில் போட்டு, கொழுந்து பறித்து வந்த அம்மாவை எடுக்கச் சொன்னேன். ஒரு படியில் கோழி எரு தண்ணீர்க் குழாய்க்கு அடுத்து விழுந்தது. மாற்றிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. மாற்றவில்லை.

12 துண்டு நிலம். ஒவ்வொன்றின் செடிகளையும் கூட்டி ஒரே சராசரி, ஆக 12 எண் மட்டும். 12இல் ஒன்று குறைத்து மொத்தம் 11 சுயாதீன அளவு (தனித்து மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை). அதில் படிகளுக்கு 3, எருவுக்கு 2, மிச்சம் 6 வழுவுக்கு, அதாவது தற்செயல் ஏற்ற இறக்கத்துக்கு. 2க்கும் 6க்கும் எஃப் பெறுமானம் (எருக்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத் தற்செயல் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிடும் விகிதம்) 5.14ஐத் தாண்டினால்தான் 5 சதவீத மட்டத்தில் வித்தியாசம் என்று சொல்லலாம். எனக்கு வந்தது 2.3. எந்த எரு போட்டாலும் கீழ் படிதான் நன்றாகக் காய்த்தது. கோழி எரு கொஞ்சம் முன்னால் நின்றது, ஆனால் தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. மூன்று எருவும் ஒன்றுதான் என்று இதற்கு அர்த்தம் இல்லை என்பதையும் எழுதினேன். நான்கு படியில் சின்ன வித்தியாசம் கண்ணில் படாது. அந்த அறிக்கையைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

புள்ளியியலாளர் ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் பண்ணைக்குப் போனபோது, அங்கே 1843 முதல் ஒரே வயலில் ஒரே துண்டுக்கு ஒரே உரம் போட்டுவந்த விளைச்சல் கணக்கு குவிந்து கிடந்தது. சீட்டு எடுத்துப் பாத்தி ஒதுக்குவதும், பிளாக் (என் ஒவ்வொரு படியும் மாதிரி, ஒரே மாதிரியான நிலத் தொகுதி) பிரிப்பதும், அனோவாவும் அந்தப் பண்ணை வேலையில் வளர்ந்தவை. வயல்காரனுக்காக வந்த கணக்கு இது. நமக்கு மட்டும் மென்பொருளில் எந்தப் பொத்தானை அமத்துவது என்று கற்றுத்தருகிறார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மன்னிக்கவும். அம்மா வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் இரண்டு கேங்கின் (பறிக்கும் குழுவின்) சராசரி கிலோவை எழுதிப் போடுவார்கள். மற்ற கேங் 16, அம்மாவின் கேங் 12. "ஏன் புள்ள, ஒங்களுக்கு மட்டும் கை ஓடாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவார்கள். அம்மா ஆட்கள் பறித்தது, கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரித்து விடுவது) நெருங்கிய, கொழுந்து குறைந்த மலை, காற்றடிக்கிற பக்கம். மற்றவர்களுக்குக் கவ்வாத்து வெட்டி இரண்டாம் வருடத்து மலை. ஒரு கிழமை ஆட்களை மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தால் கையா மலையா என்று தெரிந்திருக்கும். நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க ஒருநாளும் மாற்றவில்லை. அரைப்பேர் விழுந்த நாளில் அம்மா சாப்பிடாமல் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். "சராசரி கூட, ஆகவே இதுதான் சிறந்தது" என்று யார் எழுதினாலும் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வரும்.

சரி, உங்கள் விஷயம். இன்னும் நடவில்லை என்றால் மூன்று பாத்தியையும் குறுக்கே பிரித்துச் சீட்டு எடுங்கள். முடிந்தால் நான்காவது, ஐந்தாவது பாத்தியும் சேருங்கள். பாத்திக்குச் செடி கூடுவதைவிடப் பாத்தி கூடுவதுதான் உதவும். நட்டு முடிந்தது என்றால் சராசரிகளை மட்டும் எழுதி, பாத்தியும் எருவும் கலந்துவிட்டது என்று நேராகச் சொல்லுங்கள். பி பெறுமானம் போடாதீர்கள். நிலத்தின் படம் ஒன்று வரைந்து, சரிவு எந்தப் பக்கம், தண்ணீர் எங்கிருந்து, நிழல் எங்கே என்று குறித்துக் கீழே போட்டால், பிளாக்கை எப்படிப் பிரிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.