ஜப்தி செய்த பொருளுக்கு விலை சொல்வது யார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

குன்னூர் வாசகர்: அண்ணன் வாங்கிய கடனுக்காக நீதிமன்ற அமீன் வந்து, என் தேயிலை அறுவடை மிஷினையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டார். பட்டியலில் 6,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார். நான் 40,000 கொடுத்து வாங்கியது.

விலை இருக்கட்டும், மிஷின் யாருடையது என்பதுதான் முதல் சண்டை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 21, விதி 58-ன்படி, ஜப்திக்கு உத்தரவிட்ட அதே நீதிமன்றத்தில் உரிமை கோரி மனு போடுங்கள். ஏலம் முடிந்தபிறகு போனால் மனுவை எடுக்கவே மாட்டார்கள். வேண்டுமென்றே தாமதித்ததாகத் தோன்றினாலும் அப்படித்தான். கூடவே, ஏலத்தைத் தள்ளிவைக்கும்படி விதி 59-ல் கேளுங்கள்.

அப்புறம் விலை. அமீன் எழுதியது குத்துமதிப்பு. நீதிபதியை அது கட்டுப்படுத்தாது. அதற்காக 40,000-ஐயே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், அது புது மிஷின் விலை. இன்றிருக்கும் நிலையில், இந்த வட்டாரத்தில் ஒருவர் அதற்கு என்ன கொடுப்பார் என்பதுதான் சந்தை விலை. பில், எஞ்சின் நம்பர், சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் திரட்டுங்கள். பழைய மிஷின் வாங்கி விற்பவரிடம் எழுத்தில் ஒரு மதிப்பு வாங்குங்கள். மானியத்தில் வாங்கியிருந்தால் முழு விலை, நீங்கள் கட்டிய பணம் இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கிளறுவது அதைத்தான். பில் அண்ணன் பெயரில் இருந்தால் சிக்கல்தான். பணம் உங்கள் கணக்கிலிருந்து போனதற்கு வங்கிப் பதிவு இருக்கிறதா பாருங்கள்.

கோத்தகிரி வாசகர்: ஏல அறிவிப்பில் கடன் கொடுத்தவர் சொன்ன விலை மட்டும்தான் வருமா?

நீங்கள் சும்மா இருந்தால் அப்படித்தான் வரும். நீதிமன்றம் தன் சொந்த மதிப்பைப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இரு தரப்பில் யார் மதிப்பு கொடுத்தாலும் அது அறிவிப்பில் இடம்பெற வேண்டும் என்கிறது விதி 66. ஆகவே நோட்டீஸ் வந்தவுடன் உங்கள் மதிப்பையும் எழுதிக் கொடுங்கள். வீடு, நிலம் என்றால் ஏலத்தில் மோசடியோ பெரிய முறைகேடோ நடந்து கணிசமான நஷ்டம் வந்தபோது ஏலத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அசையும் பொருளுக்கு அந்த வசதி இல்லை. முறைகேடு இருந்தாலும் விற்பனை செல்லும். பாதிக்கப்பட்டவர் நஷ்டஈட்டுக்குத் தனியாக வழக்குப் போட வேண்டியதுதான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

கேத்தி வாசகர்: தோட்டத்தில் நிற்கும் காரட்டை ஜப்தி செய்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் மண்டி விலையைக் கணக்கில் எடுப்பார்களா?

அப்படியே எடுத்தால் தப்பு. இருப்பு வைக்க முடியாத பயிரை மண்ணில் இருக்கும்போதே ஏலம் விடலாம். எடுத்தவர் தோட்டத்துக்குள் வந்து பராமரித்து அறுத்துக்கொள்வார். அதனால் மண்டி விலையில் பிடுங்கும் கூலி, கழுவும் செலவு, லாரி வாடகை, கமிஷன் போக மிஞ்சுவதுதான் பயிரின் விலை. சமீபத்திய மண்டிச் சீட்டுகளைக் கொடுத்து இந்தக் கணக்கை நீங்களே எழுதிக் காட்டுங்கள். இன்னொன்று: விவசாயியின் பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் கருவிகள், மாடு, விதை இவற்றை ஜப்தி செய்யப் பிரிவு 60 அனுமதிப்பதில்லை. பட்டியலை அந்தக் கண்ணோடும் ஒருமுறை பாருங்கள்.

கூடலூர் வாசகர்: என் பொருள் என்று வழக்குப் போட்டால் முழு விலைக்கும் கோர்ட் கட்டணமா?

பெரும்பாலும் தனி வழக்கே வேண்டாம். விதி 58 மனுவில் வரும் உத்தரவுக்குத் தீர்ப்பாணையின் வலு உண்டு, மேல்முறையீடும் செய்யலாம். மனுவை எடுக்க மறுத்தால்தான் வழக்கு. ஜப்தியை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு, எந்தத் தொகைக்காக ஜப்தி நடந்ததோ அது, அல்லது பொருளின் சந்தை விலையில் கால் பங்கு, இரண்டில் குறைந்ததன் மேல் கட்டணம்.

ஊட்டி வாசகர்: இங்கிலாந்தில் என் மகள் தங்கியிருக்கும் வீட்டில், வீட்டுக்காரர் கடனுக்காக அவள் பொருளையும் ஷெரீப் ஆட்கள் எடுத்துப் போனார்களாம்.

அங்கே உயர் நீதிமன்ற ஷெரீப்களின் இந்த வேலை 2004 முதல் அமலாக்க அதிகாரிகளிடம் இருக்கிறது. பொருளைத் தூக்கிய 7 நாட்களுக்குள் அவர்களுக்கு எழுத்தில் உரிமை கோர வேண்டும். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே பொருளின் மதிப்பையோ, நீதிபதி சொல்லும் ஒரு பங்கையோ முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். மதிப்பில் தகராறு என்றால் தனி மதிப்பீட்டாளர் உண்டு. பொருளின் பில்லை உடனே மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.