ஷாங்காய் தெருவில் கேமராவைத் தூக்கலாமா?

கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஷாங்காய் அனுப்புகிறது, தெருவில் மக்களைப் படமெடுத்தால் சண்டைக்கு வருவார்களா, போலீஸ் தொந்தரவு உண்டா, எந்தெந்த இடத்துக்குப் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. நானும் கம்பெனி வேலையாக வந்து இங்கேயே தங்கிப்போனவள்தான். வாரக்கடைசி என்றால் கேமராவோடு ஏதாவது சந்துக்குள் இருப்பேன். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இடப்பட்டியல் வேண்டுமென்றால், சீனர்கள் படமும் பயணக்குறிப்பும் பகிர்ந்துகொள்ளும் ஷியாவ்ஹோங்ஷூ செயலியைத் திறந்தாலே கொட்டும். அதைப் பார்த்துத்தான் ஊரே வூகாங் மாளிகை முன்னால் திரண்டு நிற்கிறது. ஹூடெக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1924-இல் எழுந்த அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் போனால் கட்டடத்தைவிட அதைப் படமெடுப்பவர்கள்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். ஆற்றங்கரை வானளாவிகளையும் ஒருமுறை எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். அந்தப் படம் உங்களுக்கு முன்னாலேயே கோடிப்பேர் கையில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், வீடு பார்க்கும்போதே பழைய லிலோங் சந்து, அதாவது வரிசை வீடுகள் ஒட்டி நிற்கும் குடியிருப்புச் சந்து, ஒன்று நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே காலைச் சாப்பாடு, அங்கேயே காய்கறி, அங்கேயே செருப்புத் தைப்பது. நாளைக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் யாரும் கேமராவைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் சில வாரம் "இந்தியாவா? சம்பளம் எவ்வளவு? கேமரா எவ்வளவு?" என்று விசாரணை நடக்கும். பதில் சொல்லிவிட்டு நில்லுங்கள். அதற்கப்புறம் நீங்களும் சந்தின் ஆள்.

நேரம் முக்கியம். சீனா முழுக்க பெய்ஜிங் நேரம்தான். ஷாங்காய் கிழக்கோரத்தில் இருப்பதால் ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் போய்விடும். ஆபீஸ் முடிந்து எடுக்கலாம் என்ற கணக்கு குளிர்காலத்தில் உதவாது. காலையில் எழுந்துதான் ஆகவேண்டும், எழுந்தால் பலன் உண்டு. எங்கள் தெருமுனையில் சிஃபான் என்ற சோற்றுருண்டை விற்கும் கடையில் அந்த அம்மா ஈரத்துணிமேல் ஆவி பறக்கும் பசையரிசிச் சோற்றைத் தட்டிப் பரப்புவார். நடுவில் யோவ்தியாவ் என்ற, எண்ணெயில் பொரித்த நீளமான மாவுப் பண்டம், மேலே கொஞ்சம் ஊறுகாய். துணியோடு சேர்த்து ஒரே முறுக்கு, கைக்குள் அடங்குகிற உருண்டை தயார். மின்ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வரிசை ஒரு பக்கம், ஆவிக்குப் பின்னால் மங்கலாக அவர் முகம் இன்னொரு பக்கம். அந்த முறுக்கு விழுகிற நொடிக்காக நான் எத்தனையோ காலை அங்கே நின்றிருக்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

பருவமும் அப்படியே. ஜூன் நடுவிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் 'பிளம் மழை' நசநசவென்று பெய்யும். அது ஓய்ந்து முதல் வெயில் அடிக்கிற நாளில் லீவு போட்டாவது வெளியே போங்கள். ஜன்னல் கம்பு, மரக்கிளை, பூங்காவில் இருக்கும் உடற்பயிற்சிக் கம்பி, எங்கே பார்த்தாலும் பஞ்சுப்போர்வை காயும். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் அதே கம்புகளில் சட்டைக்குப் பக்கத்தில் உப்புக்கண்டமும் உப்பிட்ட மீனும் தொங்கும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடித்த ஷாங்காய் படம் என்றால் பைஜாமாவோடு தெருவில் நிற்கும் பாட்டி. அது உள்ளூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் உறுத்துகிற விஷயம். 2010 உலகக் கண்காட்சி சமயத்தில் பைஜாமாவோடு வெளியே வராதீர்கள் என்று நகர நிர்வாகமே பிரசாரம் செய்தது. எதிர்வீட்டு மூதாட்டிக்கு அவர் கோழி சுத்தம் செய்கிற படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறேன், இன்னொன்று எடு" என்றார். எடுத்தேன். படமாக அது ஒன்றும் விசேஷமில்லை, ஆனால் அவர் வீட்டுச் சுவரில் இருப்பது அதுதான். நம்ம ஊருக்கு வந்து மாட்டையும் குப்பைமேட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு போகிற வெள்ளைக்காரரைப் பார்த்து நமக்கு வருமே ஓர் எரிச்சல், அதை நாம் இங்கே பிறருக்குக் கொடுக்கக்கூடாது. வீசாட்டில் படம் அனுப்பலாம்தான், ஆனால் அச்சுப்படத்துக்கு இருக்கிற மரியாதை தனி.

கேட்டு எடுப்பதற்கு "கெ-இ பாய் மா?" (எடுக்கலாமா?) போதும். கையை ஆட்டி "பூயாவ்" (வேண்டாம்) என்றால் நகர்ந்துவிடுங்கள். பூங்காக்களில் உங்களைவிடப் பெரிய லென்ஸ் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தாத்தாக்களைப் பார்ப்பீர்கள். தாமரைமேல் தண்ணீர் தெளித்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கிண்டல் வரும், அடக்கிக்கொண்டு நட்பு பிடியுங்கள். எந்தச் சந்து எப்போது இடிபடும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

இடிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய அளவிலான பழைய குடியிருப்புச் சீரமைப்பு முடிந்துவிட்டதாக 2022 ஜூலையில் நகரம் அறிவித்தது. பழைய நகரப் பகுதியான லாவ்ஷிமென் பக்கம் போனால், குடியிருந்தவர்கள் போனபின் கதவும் ஜன்னலும் கல்வைத்து அடைத்த தெருக்களைப் பார்க்கலாம். இதே ஊரில் 1911-இல் பார்சிக் குடும்பத்தில் பிறந்த சாம் டாட்டா, 1949-இல் ஆட்சி கம்யூனிஸ்டுகளிடம் கைமாறிய நாட்களின் தெருக்களைப் படமெடுத்தவர். பின்னாளில் மாண்ட்ரீலுக்குக் குடிபோய்விட்டார். இந்திய வம்சாவளிக்காரர் ஒருவர் எடுத்த ஷாங்காய் எப்படி இருக்கிறது என்று வருமுன்னே தேடிப் பாருங்கள். ஆனால் காலிச் சுவர்களையே எடுத்துக்கொண்டு ஏக்கத்தில் உருகவேண்டாம். அங்கிருந்து போனவர்களில் பலருக்குச் சொந்தக் கழிவறை கிடைத்ததே புது வீட்டில்தான்.

போலீஸ் விஷயம் சுருக்கமாக. வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். ராணுவ வாசல், காவலர் நிற்கும் கேட், கூட்டத்தைப் போலீஸ் கலைக்கிற இடம், இங்கெல்லாம் கேமரா பையிலேயே இருக்கட்டும். 2021-இல் வந்த குடிமைச் சட்டத் தொகுப்பில் உருவப்பட உரிமைக்குத் தனி அத்தியாயமே உண்டு. அடுத்தவர் முகத்தை அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு கல்யாணப் படம், கடைப் படம் எதுவும் வேண்டாம். உங்கள் வேலை அனுமதி உங்கள் கம்பெனிக்கு மட்டும்தான். மீறினால் 5,000 முதல் 20,000 யுவான் அபராதம், மோசமானால் காவலும் உண்டு.

ட்ரோன் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். இங்கே பதிவு, அனுமதி என்று ஆயிரம் தலைவலி. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி ஊருக்கும் கொண்டுபோக முடியாது, 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. அந்தப் பணத்தில் லென்ஸ் வைக்க ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று வாங்குங்கள். லூபான் சாலை ஷிங்குவாங் கேமரா சந்தையில் விசாரியுங்கள். மழை மாதத்துக்கு முன்னால் வாங்கிவிடவேண்டும், இல்லையென்றால் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். வந்து இறங்கி வீடு எடுத்ததும் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் காவல் நிலையத்தில் பதிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள் தம்பி, சிஃபான் கடைக்கு நானே கூட்டிப்போகிறேன்.