ஏழு வயதுப் பிள்ளைக்கு இப்போதே பல் சீரமைப்பு நிபுணரா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஏழு வயது முடிந்து மூன்று மாதம். வெள்ளவத்தையில் இருக்கிறோம், தரம் 2 படிக்கிறாள். கீழே பாற்பல் விழ முன்னமே அதற்கு உள்பக்கமாக ஒரு பல் முளைத்துவிட்டது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. இரவில் இன்னும் விரல் சூப்புகிறாள். சூத்தைப் பல் அடைக்கப் போன இடத்தில் பல் வைத்தியர், “ஒருதரம் ஓர்த்தடொன்ரிஸ்டிடம் (பல் சீரமைப்பு நிபுணரிடம்) காட்டுங்கள்” என்றார். மாமியோ, எல்லாப் பாற்பல்லும் விழட்டும், பன்னிரண்டு வயதில் பார்க்கலாம் என்கிறார். பக்கத்து ஃபிளற்றில் எட்டு வயதுப் பையனுக்குக் கம்பியே போட்டுவிட்டார்கள். யார் சொல்வதைக் கேட்பது? இப்போது போனால் என்ன செய்வார்கள்?

பதில்: பல் வைத்தியர் சொன்னபடி ஒருதரம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாமி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கம்பி போட ஏற்ற காலம் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குப் பிறகுதான். ஆனால் காட்டுவது வேறு, கம்பி போடுவது வேறு. ஏழு, எட்டு வயதில் என்னிடம் வரும் பிள்ளைகளில் அநேகமானவர்களுக்கு நான் ஒன்றும் செய்வதில்லை. பார்த்துவிட்டு, “அடுத்த வருஷம் வாங்கோ” என்று சொல்லி அனுப்புகிறேன். சிலருக்கு மட்டும் இப்போது செய்தே ஆகவேண்டிய வேலை இருக்கும். அந்தச் சிலரில் உங்கள் மகள் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

ஏழு வயது என்று ஏன் சொல்கிறார்கள்? அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்களின் சங்கம், ஏழு வயதுக்குப் பிந்தாமல் எந்தப் பிள்ளையையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது. அந்த வயதில் வாய்க்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். இருபது பாற்பற்களில் முன்னால் உள்ளவை ஒவ்வொன்றாக விழுந்து நிரந்தரப் பற்கள் வருகின்றன. பின்னால், எந்தப் பாற்பல்லும் விழாமலே, நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைத்துவிடுகின்றன. மேல் தாடையும் கீழ்த் தாடையும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை அந்தப் பற்களை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். தாடை எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயது என்பதால், திருத்த வேண்டியது ஏதும் இருந்தால் சுலபமாக இணங்கும்.

அந்தப் பின் கடைவாய்ப் பல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். சென்ற பாடசாலை விடுமுறையில் ஒரு தந்தை எட்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்பல் கோணலாக வருகிறது என்பதுதான் முறைப்பாடு. கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். கீழே வலது பக்கத்தில் பெரிய கடைவாய்ப் பல் ஒன்று, நடுவில் கறுத்த பள்ளம். சோற்றுப் பருக்கை ஒன்று அதற்குள் இறுகிக் கிடந்தது. நான் அதைக் காட்டியதும் தந்தை, “அது விழுந்து முளைக்கிற பல்லுத்தானே டொக்டர்” என்றார். அவருடைய விரலைப் பிடித்து, நடு முன்பல்லில் இருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வைத்தேன். ஒரு பக்கத்தில் பாற்பற்கள் ஐந்துதான். ஆறாவது என்றால் அது நிரந்தரப் பல், ஆயுளுக்கும் அந்த ஒன்றுதான். அவர் ஆறு என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அந்தப் பல்லைக் காப்பாற்றினோம், ஆனால் வேர்ச் சிகிச்சை வரை போகவேண்டி வந்தது. உங்கள் மகளின் வாயில் இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். ஆறாவது பல் வந்திருந்தால், அதன் மேல் உள்ள ஆழமான கோடுகளை மூடிப் பூசிவிடலாமா என்று பல் வைத்தியரிடம் கேளுங்கள். சின்ன வேலை, ஊசி இல்லை, நோவு இல்லை.

இனி நீங்கள் எழுதியவற்றுக்கு வருகிறேன். கீழ்ப் பல் உள்பக்கமாக வந்ததற்குப் பயப்பட வேண்டாம். கீழ் முன்பற்களின் நிரந்தர மொட்டுகள் பாற்பல்லுக்கு உள்பக்கத்தில்தான் இருக்கின்றன, அதனால் அங்கே எட்டிப் பார்ப்பது சாதாரணம். முன்னால் நிற்கும் பாற்பல் ஆடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஆடினால் அவளையே நாக்கால் தள்ளச் சொல்லுங்கள், கொய்யாப்பழம் கடிக்கக் கொடுங்கள். அது விழுந்தபின் நாக்கின் தள்ளலிலேயே உள்பல் மெல்ல முன்னுக்கு நகரும், இடம் இருந்தால். புதுப் பல் நன்றாக வெளியே வந்து இரண்டு மாதம் ஆகியும் பாற்பல் கல் மாதிரி நின்றால், பல் வைத்தியர் அதை எடுத்துவிடுவார். (விழுந்த பல்லை அணிலுக்கு எறியக் கூரை இல்லையே என்று வெள்ளவத்தைப் பிள்ளை ஒன்று கவலைப்பட்டது. பல்லைத் தாளில் சுற்றி, பாடசாலை லீவுக்கு அம்மம்மா வீட்டுக்குப் போகும்வரை பென்சில் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தது.)

மேல் முன்பற்களுக்கு இடையிலான இடைவெளி இந்த வயதில் இருக்கலாம். பார்ப்பதற்கு அழகில்லைதான். பக்கத்தில் வரவேண்டிய பற்களும், பிறகு பதினொன்று, பன்னிரண்டு வயதில் வேட்டைப் பற்களும் (கூரான கோரைப் பற்கள்) இறங்கும்போது, அவை தள்ளித் தள்ளி இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைவான இடைவெளிக்கு நான் கை வைப்பதே இல்லை. அதைவிட அகலமாக இருந்தால் மட்டும், நடுவில் மேலதிகமான பல் ஏதும் எலும்புக்குள் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

விரல் சூப்புவதுதான் எனக்குக் கொஞ்சம் கவலை. நான்கு வயதுக்குள் விட்டுவிட்டால் வந்த கோணல் பெரும்பாலும் தானாகச் சரியாகும். நிரந்தர முன்பற்கள் வந்தபிறகும் தொடர்ந்தால், மேல் பற்கள் வெளியே தள்ளும், மேல் அண்ணம் ஒடுங்கும், முன்பற்கள் கடிக்கும்போது தொடாமல் இடைவெளி விழும். எவ்வளவு பலமாகச் சூப்புகிறாள் என்பதைவிட எவ்வளவு நேரம் விரல் வாயில் கிடக்கிறது என்பது முக்கியம். இரவு முழுவதும் என்றால் அது நிறைய நேரம். வேப்பெண்ணெய் பூசுவது, மிளகாய் தடவுவது எதுவும் வேண்டாம். பிள்ளை அழுதுகொண்டு தூங்கும், பழக்கம் ஒளிவுமறைவாகத் தொடரும். அவளே விட விரும்ப வேண்டும். பகலில் கண்ணாடி முன் நிறுத்தி, விரல் எங்கே படுகிறது, பல் எங்கே நகர்கிறது என்று காட்டுங்கள். இரவில் விரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள், தண்டனையாக இல்லை, நினைவூட்டலாக. சூப்பாத இரவுக்குக் கலண்டரில் ஒரு நட்சத்திரம். இரண்டு மூன்று மாதம் பார்த்தும் முடியவில்லை என்றால், அண்ணத்தில் பொருத்தும் சிறிய கருவி ஒன்று இருக்கிறது. அது பிள்ளைக்கும் சம்மதம் என்றால்தான் பலன் தரும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் வீட்டில் பாருங்கள். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்து, எச்சிலை விழுங்கிவிட்டுப் பின்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். கன்னத்தை விரலால் ஒதுக்குங்கள். மேல் பற்கள் கீழ்ப் பற்களுக்கு வெளியே, ஒரு பெட்டியின் மூடி மாதிரி நிற்கவேண்டும். ஒரு பக்கத்தில் மேல் பல் உள்ளே போய், கீழ்ப் பல் வெளியே நின்றால் அது மாறுகடி. இன்னும் முக்கியமானது, வாய் மூடும் அந்தக் கணம். சில பிள்ளைகளின் நாடி முதலில் நேராக வந்து, பல் முட்டியதும் சட்டென்று ஒரு பக்கம் வழுக்கிப் போகும். வசதியாகக் கடிக்க இடமில்லாததால் தாடையையே நகர்த்திக் கடிக்கிறார்கள். வருடக்கணக்கில் அப்படிக் கடித்தால் தாடை சமமில்லாமல் வளர்ந்து, முகமே ஒரு பக்கம் சாயலாம். இதைப் பன்னிரண்டு வயதுவரை தள்ளிப்போடக் கூடாது. அண்ணத்தின் நடுவில் உள்ள எலும்புப் பொருத்து இந்த வயதில் இளக்கமாக இருக்கிறது, விரிக்கும் கருவி போட்டால் சில மாதங்களில் இடம் கிடைத்துவிடும். வளர்ந்தபின் அதே வேலைக்குச் சிலருக்குச் சத்திரசிகிச்சை வரை போகவேண்டி வரும். முன்பக்கத்தில் ஒரே ஒரு மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாலும் உடனே காட்டவேண்டும். அது எதிரே உள்ள கீழ்ப் பல்லை முட்டி முட்டி, அந்தப் பல்லின் முரசைக் கீழே இறக்கிவிடும். கீழ்த் தாடை முழுவதுமே முன்னே நிற்கிறது என்றால் பத்து வயதுக்குள் பார்ப்பது நல்லது.

அப்புறம், ஒரு பக்கத்து முன்பல் வந்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்துப் பல்லைக் காணவில்லை என்றால் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். வாயைத் திறந்தபடி தூங்குவது, குறட்டை விடுவது இருந்தால் அதையும் சொல்லுங்கள், காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் அனுப்பவேண்டி இருக்கலாம்.

நம் ஊரில் பற்கள் நெருங்கிக் கோணலாவதற்குப் பெற்றோரால் தடுக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. பாற்கடைவாய்ப் பல் சூத்தையானால், “விழப்போற பல்லுத்தானே, பிடுங்கிவிடுவோம்” என்கிறோம். அந்தப் பல் பத்து, பதினொரு வயதுவரை நிற்கவேண்டியது. ஏழு வயதில் பிடுங்கினால், பின்னால் உள்ள ஆறாவது பல் வெறும் இடத்துக்குள் சாய்ந்து வந்துவிடும். பிறகு வரவேண்டிய பல்லுக்கு வழி அடைபடும். இயற்கை வைத்த கணக்கும் அதோடு கெட்டுப்போகிறது. பாற்கடைவாய்ப் பற்கள், அவற்றின் இடத்தில் வரும் நிரந்தரப் பற்களைவிட அகலமானவை. கீழ்த் தாடையில் பக்கத்துக்குச் சுமார் 2.5 மில்லிமீற்றர் மிச்சமாகும், முன்பற்களின் சிறு நெருக்கத்துக்கு அந்த இடமே போதும். அதனால் அந்தப் பல்லை முடிந்தவரை அடைத்துக் காப்பாற்றுங்கள். பிடுங்கியே ஆகவேண்டும் என்றால், இடத்தைப் பிடித்துவைக்கும் கம்பி வளையம் போடமுடியுமா என்று அதே நாளில் கேளுங்கள். உங்கள் மகளுக்கு அடைத்தது எந்தப் பல் என்று நீங்கள் எழுதவில்லை. கடைவாய்ப் பல் என்றால், பிடுங்காமல் அடைத்த வைத்தியருக்கு நன்றி சொல்லவேண்டும்.

முதல் பரிசோதனைக்கு அரை மணித்தியாலம் போதும். முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் பார்ப்பார்கள், கடிக்கச் சொல்வார்கள், பற்களை எண்ணுவார்கள். நோவு கிடையாது. “ஊசி போடமாட்டார்கள், பயப்படாதே” என்று வீட்டில் சொல்லிக் கூட்டிவராதீர்கள். ஊசி என்ற சொல்லே அதுவரை அவள் மனதில் இருந்திருக்காது. “பல்லை எண்ணப் போகிறோம்” என்றால் போதும். வாய் முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே எல்லாப் பிள்ளைக்கும் வேண்டியதில்லை. எடுக்கச் சொன்னால் எதைத் தேடுகிறீர்கள் என்று கேளுங்கள்.

எங்கே போவது? உங்களுக்கு வசதியான தனியார் கிளினிக்குக்குப் போகலாம். கொழும்பு 7, வோர்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையில் இலவசமாகவே பார்க்கிறார்கள். காலையில் நேரத்தோடு போகவேண்டும், பரிசோதனையோடு நிற்காமல் சிகிச்சை என்று வந்தால் காத்திருக்கவும் நேரும். அதற்காகவும்தான் முன்கூட்டியே காட்டச் சொல்கிறேன். சூத்தை பார்ப்பதற்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், அங்குள்ளவர்களுக்குப் பிள்ளைகளோடு பழகிய கை.

பக்கத்து ஃபிளற் பையனின் வாயைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்லமுடியாது. மாறுகடியாக இருந்திருக்கலாம். முன்பற்கள் மிகவும் வெளியே நின்று, விழுந்தால் உடைந்துவிடும் என்ற பயமாகவும் இருந்திருக்கலாம். வெளியே தள்ளிய முன்பற்களை எட்டு வயதில் ஒருமுறை, பதின்ம வயதில் மறுமுறை என்று இரண்டு கட்டமாகத் திருத்துவது நல்லதா, ஒரேயடியாகப் பிறகு செய்வது நல்லதா என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். முன்பல் அடிபடும் ஆபத்து, முந்திச் செய்தவர்களுக்குக் குறைகிறது. மற்றபடி கடைசிப் பலனில் வித்தியாசம் இல்லை. ஆகவே ஓடி விளையாடி அடிக்கடி விழும் பிள்ளைக்கு அது நியாயமான காரணம். வெறும் கோணலுக்காக ஏழு வயதில் கம்பி என்றால் நான் சம்மதிக்கமாட்டேன். உங்களுக்கு யாராவது இப்போதே சிகிச்சை என்று சொன்னால், தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: இரண்டு வருஷம் பொறுத்தால் என்ன கெடும்? இதைச் செய்தபின் பன்னிரண்டு வயதில் திரும்பவும் கம்பி தேவைப்படுமா? இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு செலவு? திருப்தி இல்லை என்றால் இன்னொருவரிடமும் காட்டுங்கள், அதில் எந்த வைத்தியரும் மனம் நோகமாட்டார்.

ஒன்றும் வேண்டாம், போய் வாருங்கள் என்று சொன்னாலும் அடுத்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அவளுக்கு ஒன்பது, பத்து வயதாகும்போது மேல் முரசில், மூக்கின் ஓரத்துக்கு நேர் கீழே, இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வேட்டைப் பல் இறங்கிவரும் மேடு கையில் தட்டுப்படவேண்டும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் தட்டையாக இருந்தால் பல் வழிமாறிப் போகிறது என்று சந்தேகிக்கலாம். அந்த வயதில் பிடித்தால், பலருக்கு அந்த இடத்தில் நிற்கும் பால் வேட்டைப் பல்லை எடுத்துவிடுவதே போதும், வழிமாறிய பல் திரும்பித் தன் வழிக்கு வந்துவிடும்.