ஐம்பது வெள்ளி வாங்கிக் கையெழுத்துப் போட்டாச்சு, விலக முடியுமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். தம்பிக்கு 24 வயது. அப்பா இறந்ததிலிருந்து சரியாகத் தூக்கமில்லை, வேலைக்கும் ஒழுங்காகப் போவதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு பல்கலைக்கழகத்து மாணவர்கள் வந்து, தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகளின் மனநலம் பற்றிக் கோயில் மண்டபத்தில் ஆய்வு நடத்தினார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்தவர் தாமான் (குடியிருப்பு) தலைவர். சம்மத ஃபாரத்தில் கையெழுத்து, கையில் ஐம்பது வெள்ளி, இரண்டு மணி நேரக் கேள்வி. "இருந்து என்ன செய்யப் போறேன்" என்று தம்பி அங்கே சொல்லியிருக்கிறார். நான்கு நாள் கழித்து அதே தலைவர், காலைச் சந்தையில் மீன்கடை முன்னால் அம்மாவை நிறுத்தி, "உங்க பையனைப் பாத்துக்குங்க, சாகணும்னு சொல்றானாம்" என்றாராம். அன்றிலிருந்து தம்பி அறையை விட்டு வருவதில்லை. கிளினிக்குக் கூப்பிட்டால், "அவங்களும் ஊருக்குச் சொல்லிடுவாங்க" என்கிறார். கையெழுத்தைத் திரும்பப் பெறலாமா, பணத்தைக் கட்ட வேண்டுமா, தலைவர் சிபாரிசு செய்யும் கவுன்சலரிடம் போகலாமா என்று கேட்கிறார் அக்கா.

முதலில் தம்பி. ஃபாரமும் தலைவரும் அப்புறம். இன்றைக்கே அவர் அறைக்குள் போய் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?" கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். அப்படி ஆவதில்லை, பெரும்பாலும் கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்றுதான் இருக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பின்கட்டில் களைக்கொல்லி டப்பா, அப்பாவின் பழைய மாத்திரைகள் எது இருந்தாலும் இன்றே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். 15555 சுகாதார அமைச்சின் மனநல உதவி எண். நிலைமை கைமீறினால் 999, அல்லது நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அம்மா பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் எடுத்துவிட்டார்கள். அது இருந்த காலத்திலும் மனதில் நினைப்பது குற்றமாக இருந்ததில்லை.

சரி, கையெழுத்து. அது நிலப் பத்திரம் அல்ல, ஒருமுறை போட்டால் கைமாறிப் போவதற்கு. நாஜி மருத்துவர்களை விசாரித்த பிறகு 1947இல் வந்த நியூரம்பெர்க் விதிகளில் முதல் விதியே சம்மதம்தான். 1964இல் உலக மருத்துவர் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம், சம்மதித்தவர் ஆய்வின் நடுவிலும் விலகலாம் என்றது. இன்று ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எந்த நெறிமுறைக் குழுவும் இந்த வரி இல்லாத ஃபாரத்தை அனுமதிக்காது. எனவே தம்பி விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஃபாரத்தோடு ஒரு தகவல் தாள் தந்திருப்பார்கள். அதில் தலைமை ஆய்வாளரின் எண்ணும், நெறிமுறைக் குழுவின் எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும். தம்பி தன் பெயரில் இரண்டு வரி எழுதினால் போதும்: "நான் விலகுகிறேன், என் பதில்களை அழித்துவிடுங்கள்." இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள். பெயரை நீக்கி மற்றவர் பதில்களோடு கலந்துவிட்டால் பிறகு தேடி எடுக்க வழியில்லை. தகவல் தாளே தரவில்லை என்றால், குழுவிடம் சொல்ல வேண்டிய முதல் புகார் அதுதான்.

"நல்ல காரியத்துக்குத்தானே ஆய்வு, நாலு பேருக்கு உதவுமே" என்று தலைவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாதத்துக்கு நூற்றாண்டு கடந்த வயது. 1905, 06 வாக்கில் இந்த நாட்டில் பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடமிருந்து எண் போட்டார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குத் தீட்டிய சயாம் அரிசி, இரட்டைப்படைக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. தீட்டிய அரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அந்தச் சத்துக் குறைந்தால் வருவதே பெரிபெரி என்பது பிறகு புரிந்தது. தோட்டத்துத் தமிழர்களை அந்த நோய் அவ்வளவாக அண்டாததற்கு நம் பாட்டிமார் ஆக்கிய புழுங்கல் சோறுதான் காரணம்.

இப்போது சொல்லுங்கள், பிளெட்சர் செய்தது சரியா? பலனை வைத்து அளந்தால் சரி; எத்தனையோ உயிர் பிழைத்தது. பெந்தம், மில் என்ற ஆங்கிலத் தத்துவஞானிகள் வழியில் வருகிறவர்கள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். கடமையை முன்வைத்த ஜெர்மன் தத்துவஞானி காண்ட் வழியினர் வேறு கேள்வி கேட்பார்கள்: ஒற்றைப்படை எண் விழுந்த அந்த மனிதரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்பது அவர்கள் கட்சி. எனக்குப் பிளெட்சர்மேல் பெரிய கோபமில்லை. எந்த அரிசி கொல்லும் என்று அன்று அவருக்கே உறுதியாகத் தெரியாது. ஆனால் பூட்டிய விடுதியில் இருந்தவர்களைத்தான் அவரால் வரிசையில் நிறுத்த முடிந்தது, ஆளுநர் மாளிகையில் இருந்தவர்களை அல்ல. மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளின் நெறி பற்றி அமெரிக்காவில் 1979இல் வந்த பெல்மாண்ட் அறிக்கை நீதி என்று தனியாக ஒரு கொள்கை வைத்ததன் காரணம் இதுதான். கையெட்டும் தூரத்தில், சொன்னதைக் கேட்கும் நிலையில் இருப்பவர்கள் தலையிலேயே ஆய்வுச் சுமையை ஏற்றாதே என்றது அது. தோட்டத்துப் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் கேள்வித்தாள் வருகிறது. பட்டம் வாங்கிப் போகிறார்கள். கண்டது என்ன என்று திரும்பி வந்து சொன்னவர்களை என் முப்பது வருஷத் தொழிலில் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ரகசியத்துக்கு வருவோம். தம்பி சொன்னது யாருக்கும் போகக் கூடாது என்பதே பொது விதி. இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஊரெல்லாம் அதைத் தப்பாகப் புரிந்துவைத்திருப்பதால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். ஒருவர் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து விளைவிப்பார் என்று நம்ப நியாயமிருந்தால், ஆலோசகரும் ஆய்வாளரும் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் டாராசாஃப் வழக்கில், நோயாளியால் இன்னொருவருக்கு ஆபத்து என்றால் அவரைக் காக்க வேண்டிய கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்றது. நம் நாட்டு நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் உலகம் முழுக்க இந்தத் தொழிலின் பழக்கத்தை மாற்றிய தீர்ப்பு. ஆக, தம்பியிடம் கேள்வி கேட்ட மாணவி கலவரப்பட்டது தப்பே இல்லை. என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே கேள்வியை நிறுத்தி, தம்பியிடம், "நீங்க சொன்னது எனக்குக் கவலையா இருக்கு, உங்க அக்காகிட்ட நாம ரெண்டு பேரும் சேர்ந்து பேசலாமா?" என்று கேட்டிருக்க வேண்டும். அவர் மறுத்து, ஆபத்தும் உடனடியானது என்றால், தன் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, தம்பிக்குத் தெரியவே உங்களை அழைத்திருக்கலாம். உயிரைக் காக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும், காக்கக்கூடிய ஆளிடம் மட்டும். தலைவர் அந்த ஆள் அல்ல. மீன்கடை அந்த இடமும் அல்ல. சொன்னது நல்லெண்ணத்தில் என்றே வைத்துக்கொள்வோம். அதன் விளைவாக இன்றைக்குத் தம்பி கிளினிக்குப் போகவே பயப்படுகிறார். இந்தக் கணக்கில் பலனைப் பார்ப்பவரும் கடமையைப் பார்ப்பவரும் ஒரே பக்கம்தான் நிற்பார்கள்.

இனி, எனக்கு வயிற்றெரிச்சல் தரும் விஷயம். அதே தலைவர் இப்போது, "எனக்குத் தெரிஞ்ச கவுன்சலர் இருக்கார், ஒரு தடவைக்கு 180 வெள்ளி, பத்துத் தடவைக்குப் பேக்கேஜ்" என்கிறாராம். போகாதீர்கள். ஆய்வுக்கு ஆள் பிடிப்பது, அங்கே கேட்ட கதையை வைத்து வாடிக்கையாளர் பிடிப்பது, நடுவில் கமிஷன். இந்த வியாபாரத்தை நான் நிறைய ஊர்களில் பார்த்துவிட்டேன். ஒருமுறை ஓர் இளம்பெண்ணின் அம்மா, 'ஹோலிஸ்டிக் மைண்ட் கோச்' என்று பொன்னிற எழுத்தில் அச்சடித்த சான்றிதழின் போட்டோவை என்னிடம் காட்டினார். இரண்டு நாள் வகுப்பு, ஓட்டல் சாப்பாட்டோடு. அதை வைத்துக்கொண்டு அந்த ஆள் அவர் மகளின் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டம், அதாவது 580ஆம் சட்டம், இருக்கிறது. லெம்பாகா கவுன்சலரில், அதாவது கவுன்சலர் வாரியத்தில், பதியாமல் கவுன்சலர் என்று தொழில் செய்வது குற்றம். பதிந்தவர் தன் பெயருக்குப் பின்னால் கே.பி. (KB), பி.ஏ. (PA) என்று போட்டுக்கொள்வார். கே.பி. என்பது பதிவு, பி.ஏ. என்பது தொழில் நடத்தும் சான்று. அந்த இரண்டு எண்களையும் கேளுங்கள். உண்மையான கவுன்சலர் முகம் சுளிக்காமல் தருவார். "நம்பிக்கை இல்லையா?" என்று யாராவது திருப்பிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் போக வேண்டிய இடம் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான். பதிவுக்கு ஒரு வெள்ளி. மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். கடிதத்தில் உலு கிந்தா பகாகியா மருத்துவமனை என்று இருந்தால் அம்மா பதறுவார், எனக்குத் தெரியும். 1911இலிருந்து தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் மனநல மருத்துவமனை அது. நம் ஊரில் சின்னப் பிள்ளையை மிரட்டுவதற்குக்கூட, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். வெளிநோயாளியாகப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு மத்தியானமே வீடு திரும்புகிறவர்கள் அங்கே ஏராளம்.

நெறிமுறைக் குழுக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷம் ஒரு குழுவில் உட்கார்ந்து தேய்ந்தவன் நான். பதினாலு பக்க ஃபாரத்தில் பதிப்பு எண் இல்லை என்று திருப்பி அனுப்புவோம். அதன் தமிழாக்கத்தை யார் படித்துப் பார்த்தார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டோம். ஒருமுறை வந்த தமிழ்த் தாளில் 'பங்கேற்பாளர் திரும்பப் பெறப்படுவார்' என்று இருந்தது. மனிதரா, பழுதான மோட்டாரா? விலகலாம் என்று எழுத வேண்டிய வரி அது. அதைவிட மோசம், ஆட்களை யார் கூட்டி வருகிறார் என்று விசாரிக்காமல் விடுவது. தலைவர் கூப்பிட்டால் மறுக்க முடியாத ஊரில், தலைவர் கையில் ஃபாரத்தைக் கொடுத்துவிட்டுத் தாமாக முன்வந்தார் என்று எழுதிக்கொள்கிறார்கள். அதனால் உங்கள் புகாரில் மீன்கடை சம்பவத்தைத் தேதியோடு எழுதுங்கள். தலைவரைத் திட்டி எழுதாதீர்கள். தம்பி சொன்னது அவர் காதுக்கு எப்படிப் போனது என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது தலைமை ஆய்வாளர்.

ஐம்பது வெள்ளியைப் பற்றிக் கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது தம்பியின் நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் கொடுத்தது. விலகினாலும் திருப்பித் தர வேண்டியதில்லை. தலைவர் வந்து கேட்டால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.