ஐந்து மணி யோகாவும் ஏழரை மணிக் கோபமும்

கேள்வி: பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மூத்தவன் யூகேஜி, சின்னவளுக்கு ஒன்றரை வயது. இரண்டுமே சிசேரியன். மனசு அமைதியாகும் என்று சொன்னார்களே என்று காலை ஐந்து மணிக்கு எழுந்து, யூடியூப் பார்த்து யோகா செய்கிறேன். ஆனாலும் ஸ்கூல் வேன் வருவதற்குள் மூத்தவனிடம் கத்திவிடுகிறேன்; சில நாள் அடியும் விழுகிறது. 'எல்லாத்தையும் பாசிட்டிவா எடுத்துக்கோ' என்கிறார் கணவர். முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஐந்து மணி அலாரத்தை நிறுத்துங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் ராத்திரித் தூக்கமே துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அதிலும் ஒரு மணி நேரத்தை யோகாவுக்குக் கொடுத்துவிட்டால் ஏழரை மணிக்குக் கோபம் வராமல் என்ன வரும்? தூக்கக் குறைவை எந்த ஆசனமும் ஈடுகட்டாது.

விடியற்காலையில்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. பல்லாண்டு சென்னையில் வாழ்ந்து 1989-இல் மறைந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கும் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றித்தான் சொல்லிக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய 'கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்' என்ற யோகப் பள்ளி மந்தைவெளியில் இருக்கிறது. அங்கேயும் தனி ஆளுக்குத் தனிப் பயிற்சி என்பதுதான் வழி. யூடியூபில் வருபவருக்கு உங்கள் வயிற்றில் தையல் போட்டது தெரியாது.

அந்த வயிற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். நடு வயிற்றில் மேடு போல எழும்பினாலோ, தொப்புளைச் சுற்றி விரல்கள் உள்ளே இறங்கினாலோ வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அப்படியிருந்தால் நௌகாசனம் (படகு மாதிரி உடம்பை வைக்கும் ஆசனம்), கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து வேகமாக மூச்சை விடுவது) இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் போதும். தரையில் படுத்து கெண்டைக்காலை நாற்காலி மேல் வைத்துக்கொள்ளுங்கள். சின்னவள் வந்து பக்கத்தில் படுப்பாள், தலைமுடியை இழுப்பாள். இழுக்கட்டும். மூத்தவனைக் கூப்பிட்டு, வாயை மூடி வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று யார் அதிக நேரம் இழுக்கிறார்கள் என்று விளையாடுங்கள். பிராமரி என்ற மூச்சுப் பயிற்சி அதுதான், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளை மூச்சை அடக்கச் சொல்ல மட்டும் வேண்டாம்.

இனி அந்த ஏழரை மணி. கீழே வேன் ஹாரன் அடிக்கிறது. பையன் ஒரு காலில் சாக்ஸும் கையில் இன்னொரு சாக்ஸுமாக டிவி பார்த்துக்கொண்டு நிற்கிறான். தொண்டை வரை கத்தல் வந்துவிட்டது. அந்த நொடியில் சமையல் மேடையில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, மூன்று எண்ணும் வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும் வரை விடுங்கள். மூன்று நாலு தடவை செய்தால் அரை நிமிஷம்தான் ஆகும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும்; அதனால்தான் விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். ஒரு மணி நேர ஆசனத்தைவிட உங்களுக்கு இப்போது தேவை இந்த அரை நிமிஷம். கோபம் இல்லாத நேரத்திலும், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது பழகிக்கொண்டால்தான் வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும்.

பாசிட்டிவாக எடுத்துக்கொள்வது என்றால் கோபமே வராத மாதிரி நடிப்பது இல்லை. எதிர்மறை எண்ணம் தொந்தரவு செய்யும்போது அதற்கு மாற்றான எண்ணத்தைக் கொண்டுவா என்று பதஞ்சலி ஒரு சூத்திரத்தில் சொல்கிறார். 'வேணும்னே பண்றான்' என்று மனசு சொல்கிறதா? 'இவனுக்கு இன்னும் மணி பார்க்கவே தெரியாது' என்று மாற்றிப் பாருங்கள். இது வெறும் ஆறுதல் இல்லை, உண்மை. ஐந்து வயதில் அவசரம் என்பது பெரியவர்களின் விஷயம். பொய்யான நல்ல எண்ணம் மனசில் ஒட்டாது.

அடித்துவிட்டால், 'அம்மா அடிச்சது தப்பு' என்று சாயங்காலமாவது சொல்லிவிடுங்கள். 'நீ அப்படிப் பண்ணதாலதான்' என்று வால் சேர்க்காதீர்கள்.

அப்புறம், உங்கள் கணவருக்கு: அறிவுரைக்குப் பதிலாக அந்த சாக்ஸை நீங்கள் மாட்டிவிடலாம் சார். ராத்திரியே பையும் யூனிஃபார்மும் எடுத்து வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

யோகாவை மட்டும் நம்பி இதை விட்டுவிடாதீர்கள்: ஹீமோகுளோபினும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் சகஜம். இரண்டுமே ஆளைச் சோர்வாக்கிச் சிடுசிடுக்க வைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தாலோ, உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் தமிழிலேயே பேசலாம்.